மாலத்தீவுக்குக் குடும்பத்தோடு: விசா, சாமான், எந்தத் தீவு?

குற்றாலச்சாரல்
வணக்கம். பொங்கல் லீவை ஒட்டி மாலத்தீவு போகலாம்னு வீட்டில் பேச்சு. நான், மனைவி, அஞ்சு வயசுப் பையன், கூடவே அப்பா, அம்மா. எங்க ஊர்ப்பக்கத்துக்குச் சென்னையைவிட திருவனந்தபுரம்தான் கிட்ட, அங்கேயே ஏறலாம்னு இருக்கோம்.

விசாவே வேண்டாம்னு ஒருத்தர் சொல்றார். ஆளுக்கு இவ்வளவு டாலர் ரொக்கமா காட்டணும்னு இன்னொருத்தர் பயமுறுத்துறார். அப்பா பாஸ்போர்ட் மே மாசம் முடியுது, அது பழைய ஈ.சி.ஆர். (குடியகல்வுச் சோதனை தேவைன்னு முத்திரை உள்ள) பாஸ்போர்ட் வேற. அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை, முட்டிவலிக்கு ஒரு மாத்திரை. அதோட அவங்க சுத்த சைவம். போற இடத்துக்கெல்லாம் கையளவு பிள்ளையார் ஒண்ணு கூடவே வரும். ரிசார்ட் விலையைப் பார்த்தா தலை சுத்துது. சாதாரணக் குடும்பம் போய்வர வழி இருக்கா?

கடல்காக்கை
வழி நல்லாவே இருக்கு. முதல்ல காகிதத்தை முடிச்சிடுவோம்.

மாலத்தீவில் ஏறக்குறைய எல்லா நாட்டுக்காரருக்கும் சுற்றுலா விசா இறங்கின இடத்தில்தான், கட்டணம் கிடையாது. மத்தவங்களுக்கு 30 நாள். நம்ம பாஸ்போர்ட்டுக்கு 2019-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி 90 நாள் வரை. "விசா வேண்டாம்"னு சொன்னவர் இதைத்தான் சொல்லியிருப்பார். ஆனா வெறுங்கையோட போய் நிக்கலாம்னு அர்த்தமில்லை. திரும்பி வர டிக்கெட், தங்கப்போற இடத்தின் முன்பதிவு, செலவுக்குப் போதுமான பணம், இந்த மூணும் இருக்கணும். பணம்னா ரொக்கம்னு இல்லை. கார்டு இருக்கு, தங்குமிடத்துக்குப் பணம் கட்டியாச்சுன்னா குடும்பமா வர்றவங்களை யாரும் நோண்டுறதில்லை.

அடுத்தது "இமுகா". அவங்க குடியேற்றத் துறையின் ஆன்லைன் படிவம். விமானம் கிளம்புறதுக்கு முந்தின 96 மணி நேரத்துக்குள் நிரப்பணும். அதுக்கு முன்னாடியே ஆர்வக்கோளாறில் நிரப்பப் போனா எடுத்துக்காது. பையனுக்கும் தனியா ஒண்ணு. திரும்பி வரும்போதும் ஒரு தடவை நிரப்பணும், பலர் மறக்கிறது அதைத்தான். வர்ற க்யூ.ஆர். குறியீட்டை போனில் படம் பிடிச்சு வச்சுக்கோங்க. திருவனந்தபுரம் கவுண்டரிலேயே கேட்பாங்க.

முக்கியமா, இது இலவசம். தேடுபொறியில் மேலே வர்ற சில தளங்கள் அசல் மாதிரியே இருந்து ஆளுக்கு இத்தனை டாலர்னு கறக்கும். அரசுத் தளத்தின் முகவரி "ஜிஓவி டாட் எம்வி"னு முடியும். பணம் கேட்டா மூடிட்டு வெளியே வாங்க.

பாஸ்போர்ட்_தாத்தா
ஈ.சி.ஆர். பற்றிக் கவலை வேண்டாம் தம்பி. குடியகல்வு அனுமதி தேவைப்படுவது குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு, அதுவும் வேலைக்குச் செல்பவர்களுக்கு மட்டும். மாலத்தீவு அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அப்பாவின் பாஸ்போர்ட் காலாவதி விஷயத்தில் மட்டும் கவனம். மாலத்தீவு கேட்பது ஒரு மாதம் செல்லுபடி. ஆகவே சட்டப்படி அவர் போகலாம். ஆனால் விமான நிறுவனக் கவுண்டரில் இருக்கும் பிள்ளைகள் பல நேரம் ஆறு மாதம் என்ற பொது விதியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதிகாலை இரண்டு மணிக்கு அவர்களோடு சட்டம் பேச முடியாது. நாள் இருக்கிறது, புதுப்பித்துவிடுங்கள். புதுப்பித்தபின் டிக்கெட்டிலும் இமுகாவிலும் புது எண்தான் இருக்க வேண்டும். அப்பா பத்தாம் வகுப்பு தேறியவர் என்றால் அந்தச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுங்கள், ஈ.சி.ஆர். முத்திரையும் போய்விடும்.

குற்றாலச்சாரல்
நன்றி ஐயா. அப்பா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், சர்டிபிகேட் டிரங்குப் பெட்டியில் இருக்கு. இந்த வாரமே விண்ணப்பிச்சிடுறேன்.

மருந்துக்கடை
உங்கள் அம்மாவின் முட்டிவலி மாத்திரையின் பெயரை முதலில் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளில் பிரச்சினை இல்லை. அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பிரித்து டப்பாவில் போட வேண்டாம். ஆனால் நம் ஊரில் வலிக்குச் சர்வசாதாரணமாக எழுதித் தரும் சில மாத்திரைகளில் டிரமடால் இருக்கும். சில இருமல் மருந்துகளில் கோடீன் இருக்கும். தூக்க மாத்திரைகளும் அப்படித்தான். இவையெல்லாம் அங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் வரும் மருந்துகள். போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமை. தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டு வேறு வலி மருந்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற முடியாதென்றால் மூல மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாளுக்கு என்று ஆங்கிலத்தில் கடிதம் வாங்கி, பயண நாட்களுக்கு வேண்டியதை மட்டும் கொண்டுபோங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் "என் பையன் அங்கே வேலை செய்றான், இந்த மருந்துப் பொட்டலத்தைக் கொடுத்திருங்க" என்று நீட்டினால் முகம் பார்க்காமல் மறுத்துவிடுங்கள்.

வானவில்_அம்மா
சாமி சிலை விஷயத்தை யாருமே தொடல. நாங்க போறதுக்கு முன்னாடி சுங்கத் துறை வெளியிட்ட தடைப் பட்டியலைப் படிச்சோம். வழிபாட்டுச் சிலைகள், மது, பன்றியிறைச்சி, ஆபாசப் படங்கள் எல்லாம் அதில் இருக்கு. அது முழு முஸ்லிம் நாடு, வேற மத வழிபாட்டைப் பொதுவில் செய்ய அனுமதி இல்லை. கழுத்தில் கிடக்கிற தாலியையோ நெத்திக் குங்குமத்தையோ யாரும் ஒண்ணும் சொல்லல. பெட்டிக்குள்ள பிள்ளையார் சிலைன்னா எக்ஸ்ரேயில் தெரிஞ்சா எடுத்து வச்சுக்குவாங்க.

முத்துநகர்
@வானவில்_அம்மா எங்க பெரியம்மா குட்டி முருகன் வேலோட போய்வந்தாங்க, ஒண்ணும் ஆகல. சும்மா பயமுறுத்தாதீங்க.

வானவில்_அம்மா
அன்னைக்கு யாரும் பார்க்கல, அவ்வளவுதான். விதின்னு எழுதி வச்சிருக்காங்க. பார்க்கிற அதிகாரி கையில் மாட்டினா குற்றாலச்சாரலோட அம்மா மனசு என்ன பாடுபடும்? தினமும் தொட்டுக் கும்பிடுற விக்கிரகத்தை அவங்க வாங்கி ஓரமா வைக்கிறதைப் பார்க்கிறதைவிட, வீட்டு மாடத்தில் பக்கத்து வீட்டுக்காரங்களை விளக்கேத்தச் சொல்லிட்டுப் போறது மேல். போனில் ஒரு படம் வச்சுக்கிட்டா போதும்னு என் மாமியாரே சமாதானமாயிட்டாங்க.

கடல்காக்கை
வானவில்_அம்மா சொல்றதுதான் சரி. இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன். வேப் எனப்படும் மின்சிகரெட் 2024 கடைசியிலிருந்து முழுசா தடை, கொண்டுவரவும் கூடாது, வச்சிருக்கவும் கூடாது. 2025 நவம்பர் முதல் இன்னொரு சட்டம்: 2007 ஜனவரி 1-ஆம் தேதிக்கோ அதுக்குப் பிறகோ பிறந்தவங்களுக்கு அந்த நாட்டில் புகையிலையே கிடையாது, சுற்றுலாப் பயணிக்கும் இது பொருந்தும். கல்லூரிப் பிள்ளைங்க கூட்டமா போறவங்க இதைக் கவனிக்கணும்.

வரிவிலக்குக் கடையில் வாங்கின மது பாட்டிலைத் தலைநகர் மாலே விமான நிலையத்தில் வாங்கி வச்சுட்டு ரசீது தருவாங்க, திரும்பும்போது எடுத்துக்கலாம். ட்ரோன் பறக்கவிட முன்அனுமதி வேணும். திரும்பும்போது பவளம், ஆமை ஓடு எதுவும் பெட்டியில் இருக்கக்கூடாது. பையன் கரையில் பொறுக்கின பவளத்துண்டு பாக்கெட்டில் கிடக்கும், பார்த்துக்கோங்க.

முத்துநகர்
ஒரு சந்தேகம். எங்க தூத்துக்குடியிலிருந்து தோணியில் வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான் எல்லாம் மாலேவுக்குப் போகுது. மாசிக்கருவாடு அங்கிருந்து வந்த காலம் ஒண்ணு. அப்படியே ஆளும் ஏறிப் போக வழி இல்லையா? விமான டிக்கெட்டே பாதிச் செலவைத் தின்னுடுது.

பாஸ்போர்ட்_தாத்தா
தோணிகள் சரக்குக்கானவை. 2020-இல் தூத்துக்குடி, கொச்சியிலிருந்து தொடங்கிய கப்பல் சேவையும் சரக்குக்குத்தான். பயணியாக ஏற முடியாது. ராசராசன் மெய்க்கீர்த்தியில் "முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்" என்று மாலத்தீவைச் சொல்வதைப் படித்து எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் இப்போது விமானம் ஒன்றுதான்.

குற்றாலச்சாரல்
😄 சரி, இப்ப பெரிய கேள்விக்கு வருவோம். ரிசார்ட்டா, உள்ளூர்த் தீவா?

வடமராட்சியான்
நான் அங்க ஒரு ரிசோர்ட்டில கன காலம் வேலை செய்தனான், அதால ரெண்டு பக்கமும் சொல்லுறன். ரிசோர்ட் எண்டால் ஒரு முழுத்தீவும் ஒரு ஹோட்டல். அங்க மது இருக்கு, உடுப்புக்குக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் சாப்பாடு, தண்ணி, படகு எல்லாம் அவையிட்டத்தான், வேற கடை இல்லை. முதல் ரிசோர்ட் 1972-இல குரும்பா எண்ட பேரில வந்தது. 2009 வரைக்கும் வெளிநாட்டவர் போறது எண்டால் அநேகமா அதுதான். பிறகுதான் சனம் இருக்கிற தீவுகளில விருந்தினர் விடுதி நடத்த அனுமதி குடுத்தவை. உங்கட கணக்குக்கு அதுதான் சரி.

விலையைப் பார்க்கேக்க ஒண்டை மறக்க வேண்டாம். போடுற விலையில வரி சேர்ந்திருக்கோ எண்டு பாருங்கோ. சுற்றுலா ஜி.எஸ்.டி. 2025 ஜூலையில இருந்து 17 வீதம், அதோட சேவைக் கட்டணம் 10 வீதம். பசுமை வரி ஆளுக்கு ஒரு நாளைக்கு ரிசோர்ட்டில 12 டொலர். உள்ளூர்த் தீவில 50 அறைக்கு மேற்படாத விடுதியில 6 டொலர். ரெண்டு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளுக்கு இல்லை, உங்கட மகனுக்கு உண்டு. அஞ்சு பேருக்கு ஒரு இரவுக்கு 30 டொலர் இதிலயே போகும். 100 டொலர் அறை எண்டு பார்த்துப் போறவை கடைசி பில்லைக் கண்டு முழிக்கிறது இதாலதான்.

வெளிக்கிடும் வரியும் விமான நிலைய அபிவிருத்திக் கட்டணமும் 2024 டிசம்பரில கூட்டினவை. சாதாரண வகுப்புக்கு 50, 50 எண்டு ஆளுக்கு 100 டொலர். அது டிக்கெட்டுக்குள்ளயே வரும், தனியா கட்டத் தேவையில்லை. தூரம் கிட்ட இருந்தும் டிக்கெட் விலை ஏன் இப்பிடி எண்டு கேட்டால், இதுதான் ஒரு காரணம்.

கடல்காக்கை
தீவைத் தேர்ந்தெடுக்க என் கருத்து. பெரியவங்க இருக்கிறதால தூரத் தீவு வேண்டாம். மாஃபுஷி மாலேவிலிருந்து ஸ்பீட்போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள்தான். விடுதி, கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் நெருக்கமா இருக்கும், போட்டியால் விலையும் குறைவு. கூட்டமும் உண்டு, அழகான தீவுன்னு நான் சொல்லமாட்டேன். பக்கத்திலேயே இருக்கிற குளி தீவு சின்னது, அமைதி. தொட்டூ தீவுக்குப் போனா தர்ப்பூசணி, பப்பாளித் தோட்டங்களைப் பார்க்கலாம், அந்த நாட்டில் அவ்வளவு பச்சை அபூர்வம். திமிங்கிலச் சுறாதான் வேணும்னா தெற்கு அரி பவளத்தீவுக் கூட்டத்தில் திகுரா. மாந்தா திருக்கை கூட்டமா வர்ற ஹனிஃபாரு குடா பா பகுதியில் இருக்கு, யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். ஆனா அதன் பருவம் ஜூனிலிருந்து நவம்பர் வரை, ஜனவரியில் அதுக்காகப் போகாதீங்க.

ஜனவரி நல்ல மாசம். நமக்கு மழை கொண்டுவர்ற வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கே வறண்ட காலம். கடலும் அடங்கியிருக்கும், அம்மா அப்பாவுக்குப் படகு குலுங்காது. அதே காரணத்தால் விலையும் உச்சியில் இருக்கும், சீக்கிரம் பதிவு பண்ணுங்க.

நாடோடிப்பட்டன்
எதுக்கு அங்க போகணும்? 2024-இல் அவங்க துணை அமைச்சர்கள் நம்ம பிரதமரை இழிவாப் பேசினது மறந்துபோச்சா? லட்சத்தீவு போங்க.

முத்துநகர்
அந்த அமைச்சர்களை அவங்களே இடைநீக்கம் பண்ணினாங்க. 2025 ஜூலையில் அவங்க சுதந்திரத்தின் 60-ஆம் ஆண்டு விழாவுக்கு அதே பிரதமர் விருந்தாளியா போய்வந்தார். இதுக்கு மேல நாம என்ன சண்டை போடுறது? லட்சத்தீவுக்கு இந்தியனுக்கே முன்அனுமதி வேணும், அது தனிக் கதை.

நெறியாளர்
அரசியலை இங்கேயே நிறுத்திக்கொள்வோம். பயணம் குறித்து மட்டும்.

வானவில்_அம்மா
உள்ளூர்த் தீவுன்னா உடை பத்திச் சொல்லணும். மக்கள் வாழற ஊர் அது, பள்ளிவாசல், பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கும். தோளும் முட்டியும் மூடின உடை போதும், சுடிதார், புடவை எல்லாம் பொருத்தம். நீச்சலுடைக்குத் தனியா "பிகினி பீச்"னு பலகை வச்ச ஒரு கரை இருக்கும், அங்கே மட்டும்தான். நாம முழு உடையிலேயே இறங்குறவங்க, நமக்கு இது ஒரு கஷ்டமே இல்லை. ஆண்களும் சட்டையில்லாம தெருவில் நடக்கக்கூடாது, அதைத்தான் நம்மாளுங்க மறக்கிறாங்க.

சைவச் சாப்பாடு கொஞ்சம் சோதனை. அவங்க காலை உணவே மஸ் ஹுனி: சூரை மீனும் தேங்காய்த்துருவலும் வெங்காயமும் பிசைஞ்சு, ரொஷின்னு நம்ம சப்பாத்தி மாதிரி ஒண்ணோட தருவாங்க. பருப்புக்குழம்புன்னு கேட்டாலும் மீன்தூள் விழுந்திருக்கும். விடுதிகளில் நிறைய இடத்தில் சமையல்காரர் இந்தியர், வங்கதேசத்தவர் அல்லது இலங்கைக்காரர். முன்கூட்டியே "மீனும் வேண்டாம், மாசிக்கருவாடும் வேண்டாம், முட்டையும் வேண்டாம்"னு எழுதி அனுப்புங்க. "வெஜிடேரியன்"னு மட்டும் சொன்னா மீன் வந்து சேரும். ரமலான் மாசத்தில் உள்ளூர்த் தீவுகளில் பகலில் கடை மூடியிருக்கும், உங்க தேதி அதுக்கு முன்னாடி.

வேலைதேடி
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒரு ஏஜென்ட் 90 நாள் இலவச விசாவில் போய் அங்கேயே ரிசார்ட் வேலையில் சேரலாம் என்கிறார். நடக்குமா?

வடமராட்சியான்
தம்பி, அந்தக் காசைக் குடுத்துப்போடாதேங்கோ. சுற்றுலா விசாவில வேலை செய்யிறது அங்க குற்றம். வேலைக்குப் போறவைக்கு முதலாளி முன்னமே அனுமதி எடுத்து, அந்தக் கடிதத்தைக் கையில வச்சுக்கொண்டுதான் விமானம் ஏற வேணும். "போய் இறங்கினாப் பிறகு மாத்துவம்" எண்டு சொல்லுறவனை நம்பிப் போய் பாஸ்போட்டையும் குடுத்திட்டு, சம்பளமும் இல்லாமல் நிண்ட பெடியங்களைக் கண்டிருக்கிறன். ரிசோர்ட்டுகள் தங்கட தளத்திலயே வேலைக்கு ஆள் எடுக்குதுகள். நேர விண்ணப்பியுங்கோ.

மருந்துக்கடை
உடல்நலம் குறித்துச் சில. மலேரியா இல்லாத நாடு என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, ஆனால் டெங்கு உண்டு. கொசு விரட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று அந்நோய் பரவும் ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளிலிருந்து வருபவர்களுக்குத்தான், நேராக இந்தியாவிலிருந்து போகிற உங்களுக்கு வேண்டாம்.

பெரிய மருத்துவமனை மாலேயில்தான். இந்தியா கட்டிக் கொடுத்த இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை முக்கியமானது. சிறு தீவுகளில் சுகாதார நிலையம் மட்டும். இரவில் நெஞ்சுவலி என்றால் படகில்தான் கொண்டுபோக வேண்டும். அறுபது தாண்டியவர்களோடு போவதால் பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் அவசரப் போக்குவரத்துக்கும் அது பணம் தருமா என்று பாலிசியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கடல்காக்கை
நான் மேலே சொல்லாம விட்டதில் உயிருக்கு முக்கியமானது நீரோட்டம். காயல் உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும். பவளத்திட்டுகளுக்கு நடுவில் திறந்த கடலோட சேர்ற கால்வாய்களில் இழுப்பு பயங்கரம். நீச்சல் தெரியும்னு முகமூடி மாட்டி இறங்கி, மீனைப் பார்த்துக்கிட்டே தள்ளிப்போனவங்க உண்டு. வெளிநாட்டுப் பயணிகள் அங்கே சாகிற காரணங்களில் இது முன்னால நிக்குது. நம்ம ஆளுங்களில் பலர் ஆத்திலும் கிணத்திலும் நீந்திப் பழகினவங்க. கடலில் லைஃப் ஜாக்கெட் போட வெட்கப்படாதீங்க. பையனுக்கு அளவான ஜாக்கெட் இங்கேயே வாங்கிட்டுப் போங்க, அங்கே இருக்கிறது பெரும்பாலும் பெரியவங்களுக்கு.

மத்தபடி: நேரம் நமக்கு அரை மணி பின்னால். பிளக் பெரும்பாலும் மூணு சதுரப் பின், அடாப்டர் வச்சுக்கோங்க. சிம் விமான நிலையத்திலேயே கிடைக்கும். டாலர் எல்லா இடத்திலும் ஓடும். அவங்க நாணயம் ருஃபியா, ஒரு டாலருக்கு 15.42. டாலரே ஓடுறதால சில்லறைக் கடைக்கு மட்டும் கொஞ்சம் ருஃபியா போதும். மிச்சமானா இங்கே வந்து மாத்த முடியாது.

குற்றாலச்சாரல்
எல்லாருக்கும் நன்றி. மாஃபுஷின்னே வச்சுக்கிட்டோம், கடைசி ஒரு இரவு மட்டும் குளியில். அம்மா பிள்ளையாரை அத்தை வீட்டில் விடச் சம்மதிச்சுட்டாங்க. ஒரே ஒரு கேள்வி பாக்கி: எங்களுக்குக் கிடைக்கிற விமானம் வியாழன் சாயங்காலம் இறங்குது. அன்னைக்கே தீவுக்குப் போயிடலாமா, மாலேயில் தங்கணுமா?

வடமராட்சியான்
கடல்விமானம் பகலில மட்டும்தான் பறக்கும், ஆனால் மாஃபுஷிக்கு அது தேவையில்லை. ஸ்பீட்போட் இரவும் ஓடுது, ஆளுக்கு சுமார் 20, 30 டொலர். விடுதிக்காரருக்கு விமான இலக்கத்தை அனுப்பினால் இடம் பிடிச்சு வைப்பினம். வாசலில பேர்ப் பலகையோட ஆள் நிற்கும். தாமதமானால் கூட்டிப்போக ஆள் இருக்குமோ எண்டு முதலே கேட்டு வையுங்கோ.

அண்டைக்கு ஏலாது எண்டால் ஹுல்ஹுமாலேயில தங்குங்கோ. விமான நிலையத்தில இருந்து தரைவழியாவே போகலாம், படகு தேவையில்லை. ஆனால் அடுத்த நாள் வெள்ளி. மலிவான அரசுப் படகு அண்டைக்கு ஓடாது. ஸ்பீட்போட்டும் ஜும்மா நேரத்தில குறையும். காலமை எட்டு, ஒன்பதுக்குள்ள ஏறுற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கோ, இல்லாட்டி பின்னேரம் வரை காத்திருக்க வேண்டி வரும்.